யார் மாடு என்று கேட்ட துரை

எனக்கு வயது தொண்ணூற்று மூன்று. பெற்றது ஏழு, தங்கியது ஐந்து. தாயில்லாமல் நின்ற கொழுந்தன் பிள்ளைகள் இரண்டையும் என் அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டதால் வளர்த்த கணக்கு மறுபடியும் ஏழாகிவிட்டது. ஏழும் தலையெடுத்து நின்றன. ஒன்றுகூட அடுத்த வீட்டு வாசலில் கை நீட்டியதில்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்? பத்து வயதைத் தாண்டமாட்டேன் என்று எங்கள் ஊரே நம்பிய பிள்ளை நான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

மாதா மாதம் முதியோர் பணம் வாங்க என்னோடு பாங்கு வாசலில் நிற்கிற என் வயசுக்காரிகளே, உங்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன். நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன். அதற்கு மேல் என் கை போகாது. நீங்கள் உங்கள் பேரப்பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

போன வாரம் கொள்ளுப்பேத்தி பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரனை எதிர்த்து ஜனங்கள் கிளம்பியதற்குக் காரணங்கள் யாவை. நிலவரி என்றாள், உப்பு என்றாள், நெசவு நொடித்தது என்றாள். எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அந்தந்த ஊருக்கு அந்தந்தக் காரணம். எங்கள் ஊர் தேவாரம் என்கிற ஊருக்கு மேற்கே, மலை இறங்கி வந்து காலை நீட்டுகிற இடம். எங்கள் ஊர் கிளம்பியது ஒரு கேள்வியால். அந்தக் கேள்விக்கு எங்கள் ஊரில் பதிலே கிடையாது.

எங்கள் ஊரில் வீட்டு மாடு தனி, தம்பிரான் மாடு தனி. தம்பிரான் மாடு சாமிக்கு நேர்ந்துவிட்டது. பிள்ளை பிழைக்க வேண்டும், கிணறு ஊற வேண்டும், மலைக்குப் போன ஆள் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வீட்டுக் கன்றைக் கொண்டுபோய் ஊர்த் தொழுவில் விடுவார்கள். விட்ட பிறகு அது விட்டவனுக்கு ஆகாது. ஏரில் பூட்டக் கூடாது. விற்கக் கூடாது. பாலைக் காசாக்கக் கூடாது. எத்தனை உருப்படி என்று எண்ணக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அதைக் காட்டி "என் மாடு" என்று வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் கொடுத்ததைச் சாமியின் கையிலிருந்து பிடுங்கினதாக அர்த்தம். எதைக் காப்பாற்றச் சொல்லி நேர்ந்தோமோ, அது போய்விடும்.

எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் எங்கள் ஆத்தாவுக்குத் தங்கவில்லை. ஐயா ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறியவர், குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்து பாயில் விழுந்து போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது நான் ஒருத்தி. எனக்கும் அதே காய்ச்சல் கண்டது. உடம்பு நெருப்பாய்க் கிடந்ததும், உதட்டில் கசப்பு மருந்து ஒட்டியிருந்ததும், தலைமாட்டில் ஆத்தா எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்ததும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்த செவலைக் கிடேரிக் கன்றை அன்றைக்கே தொழுவில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். அதன் நெற்றியில், சுண்ணாம்பு தொட்ட கட்டைவிரலை அழுத்தியதுபோல ஒரு வெள்ளை. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் தொழுப் பக்கம் போனேன். செவலை என்னை மோப்பம் பிடித்து வந்து பாவாடையை நக்கியது. "எங் கன்னு, எங் கன்னு" என்று கத்திக்கொண்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து வாயில் ஓர் அறை விழுந்தது. ஆத்தா அடித்தால் அடித்த கையே அவளுக்கு வலிக்கும், அப்படி அடிப்பவள். அன்றைக்கு வலித்தது எனக்குத்தான். என்னை இழுத்துக்கொண்டு தொழுவைச் சுற்றி வந்து, சாணிச் சாம்பலை எடுத்து என் நெற்றியிலும் நாக்கிலும் வைத்து, "தெரியாமச் சொல்லிருச்சு சாமி, சின்னப்புள்ள, மனசுல வச்சுக்காத" என்று அழுதாள். சாம்பல் கரிக்கும். அந்த ருசி என் நாக்கை விட்டுப் போனதே இல்லை.

கூட்டத்துக்குத் தலைமை பட்டத்துக் காளை. பழைய காளை செத்துவிட்டால் அடுத்ததை ஆள் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். தேங்காய் உடைத்து, முழுக்கரும்பை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். எந்தக் காளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு தானாக வந்து கரும்பில் வாய் வைக்கிறதோ, அதுதான் பட்டத்துக் காளை. கரும்பு தின்றால் சாமி ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். என் காலத்துக் காளை கருமயிலை. அதன் கழுத்தில் மரத்தைக் குடைந்து செய்த மணி தொங்கும். வெண்கல மணிபோலக் கணீர் என்று கேட்காது. வயதானவர் தொண்டையைச் செருமுவது மாதிரி ஒரு சத்தம். கிழக்கு வெளுக்கும்போது அந்தச் செருமல் எங்கள் வாசலைக் கடந்து மலைக்குப் போகும். விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பி வரும். எங்கள் ஊருக்கு அதுதான் மணிக்கூண்டு.

மாட்டுக்குக் காவல் என் தாய்மாமன், ஆத்தாவின் தம்பி. அவர் வாய் சும்மா இருக்காது.

"ஏலே, சாமிக்குச் சம்பளமில்லாத மேஸ்திரி நாந்தேன். எனக்கு எவனாச்சும் பொண்ணு குடுத்தா, அந்தப் புள்ளைக்குச் சாணி அள்ளுற வேல நிச்சயம்" என்பார்.

"உனக்கு எவன்டா குடுப்பான்? மாட்டு வாடையோட வந்து நிக்கிற" என்பாள் ஆத்தா.

"ஏங்க்கா, ஒம் மக பெருசாகட்டும். இவளையே கட்டிக்கிறேன்" என்று என் சடையை இழுப்பார். நான் வெட்கப்பட்டு ஓடுவேன். முறை மாமன்தானே.

அது உலகச் சண்டைக் காலம். மண்ணெண்ணெய் கிடைக்காது, அரிசி கிடைக்காது, சீமைத்துணி கிடைக்காது. மலையிலிருந்து பட்டாளத்துக்கு மரம் ஏற்றிய லாரிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. அந்த வருஷம் ஆடிச் சாரல் அடங்கிய பிறகு அடிவாரம் நெடுகக் கற்கள் முளைத்தன. இடுப்புயரக் கல், சுண்ணாம்பு அடித்து, ஒன்றுக்கொன்று கூப்பிடுதூரத்தில். தூரத்திலிருந்து பார்க்க, மலை வாயைத் திறந்து பல்லைக் காட்டுவதுபோல இருந்தது. சிறுசுகள் நாங்கள் அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போவதை நிறுத்திவிட்டோம். யாரும் தடுக்கவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

காக்கி போட்ட பாரஸ்ட் கார்டு ஒருவர் வந்தார். வடக்கேயிருந்து வந்த தமிழ் ஆள், நல்ல மனுசர், மோர் கேட்டு வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டுச் சொன்னார்.

"கல்லுக்கு மேல மாடு ஏறக் கூடாதுங்க. இந்த வருசம் மேய்ச்சல் பாஸ் கெடையாது. துரை உத்தரவு."

அங்கே நின்றவர் என் பெரியப்பா, ஐயாவுக்கு மூத்தவர், ஊருக்குப் பெரியதனம். அவர் சிரித்தார். "மாட்டுக்குப் படிக்கத் தெரியாதே தம்பி. கல்லுல என்ன எழுதியிருக்குன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"மாட்டுக்குத் தெரியலைன்னா மாட்டுக்காரனுக்குத் தெரியணும்கிறாகய்யா" என்றார் கார்டு. அவர் சிரிக்கவில்லை.

உங்களில் தேவாரம், கோம்பைப் பக்கத்துக்காரிகளுக்கு இது புரியும். பெரியாற்றுத் தண்ணீர் வந்ததிலிருந்து பள்ளம் முழுக்க நெல். பயிர் நிற்கும்போது மாடு கீழே கால் வைக்க இடமில்லை. மலை ஒன்றுதான் கதி. மலையையும் அடைத்துவிட்டால் மாடு ஆகாயத்திலா மேயும்? பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். வீட்டு மாட்டை வைக்கோல் போட்டுக் கட்டிக்கொள்ளலாம். அத்தனை தம்பிரான் மாட்டுக்கு வைக்கோலுக்கு எங்கே போவது? மாடுகளின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. பெண்டுகள் பூவரச இலையும் வாழைச் சருகும் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அப்போது அந்தப் பாரஸ்ட் துரை ஓடைக்கரைப் புளியந்தோப்பில் கூடாரம் போட்டிருக்கிறார் என்று தகவல் வந்தது. பெரியப்பா ஒரு முடிவு எடுத்தார். துரைக்கு இது சாதாரண மாடு அல்ல என்று தெரியாது, தெரிந்தால் விட்டுவிடுவார், ஆகவே கொண்டுபோய்க் காட்டுவோம்.  ஒளித்து வைக்க வேண்டியதை ஒப்பனை செய்து கொண்டுபோய் நிறுத்தினோம்.

ஆத்தாவுக்கு மனசில்லை. அவள் பெரியப்பாவோடு நேரில் பேச மாட்டாள். மூத்தார் முன்னால் நிற்கவும் மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொல்வாள், அவருக்குக் கேட்கும்.

"ஏ புள்ள, ஒங்க பெரியப்பாகிட்டக் கேளு. பசிச்சவன்கிட்டப் பந்தியக் காட்டுவாகளான்னு."

"ஒங்காத்தாகிட்டச் சொல்லு" என்றார் பெரியப்பா என்னைப் பார்த்து. "துரையும் ஒரு சாமியக் கும்பிடுறவன்தேன். ராயப்பன்பட்டி மாதா கோயில்ல போயி முட்டி போடுறாகளாம். சாமி சொத்துன்னா அவுகளுக்கும் தெரியும்."

மாடுகளை ஓடையில் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, ஆவாரம்பூ மாலை போட்டு, கரும்பும் மேளமுமாக ஊரே கிளம்பியது. செவலைக்கு நான்தான் மாலை கட்டினேன். தோப்பில் பழுத்த புளியின் வாடையும் துரை குடித்த சுருட்டின் வாடையும் கலந்து அடித்தன. துரை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். கண் ரெண்டும் பாசிநிறம். சின்ன வயசுக்காரர்தான், எங்கள் மாமன் வயதுதான் இருக்கும். கார்டு பக்கத்தில் நின்று பேச்சை மாற்றிச் சொன்னார்.

"இம்புட்டும் யார் மாடுன்னு துரை கேக்குறாக."

"சாமி மாடுய்யா" என்றார் பெரியப்பா, கை கூப்பி.

துரை மறுபடியும் கேட்டார். கார்டு மறுபடியும் சொன்னார். "சாமி சரி. மனுசர்ல யாருக்குச் சொந்தம்னு கேக்குறாக."

"ஒருத்தருக்கும் சொந்தமில்லைய்யா. சொந்தம்னு ஒருத்தரும் சொல்ல முடியாது" என்றார் பெரியப்பா. ஊரே ஆமாம் ஆமாம் என்றது.

துரை மூன்றாவது தடவையும் கேட்டார். மூன்றாவது தடவையும் அதே பதில். பெரியப்பாவுக்கு அதில் பெருமைதான். நம் வழக்கத்தை எவ்வளவு ஆசையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார். கார்டு மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், துரை தன் பக்கம் திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்.

பிறகுதான் அந்தச் சங்கதி நடந்தது. கூட்டத்தில் ஒருவர் கையில் இருந்த கரும்பைத் துரை வாங்கி, விளையாட்டாகக் காளைக்கு நீட்டினார்.  கருமயிலை ஒரு தரம் செருமியது. இரண்டு எட்டு வைத்து வந்து, துரை கையிலிருந்த கரும்பைக் கடித்தது. பெண்டுகள் குலவை போட்டார்கள். பெரியப்பா கண்ணீர் விட்டார். அவருக்குச் சந்தேகமே இல்லை. காளை கரும்பு வாங்கிவிட்டது, சாமியே துரையை ஒத்துக்கொண்டுவிட்டது, இனி மலை நமக்குத்தான்.

காளைக்குப் பசி. எலும்பு தெரிகிற பசி. அது யாருக்கும் தோன்றவில்லை. திரும்பி வரும் வழியில் ஆத்தா மட்டும் சொன்னாள்.

"ஒரே கேள்விய மூணு தடவ கேட்டானே. எதுக்குக் கேட்டான்?"

மறுநாளே மாமன் மாடுகளைக் கல்லுக்கு மேலே ஓட்டிப்போனார். கல்லைத் தாண்டும்போது காளை அதில் முதுகைச் சொறிந்துகொண்டதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சில நாள் மணிச்சத்தம் போனது, வந்தது. ஒட்டிக் கிடந்த மாடுகளின் வயிறு நிரம்பியது. செவலையின் மேல் மலைப்புல் வாசம் அடித்தது.

பிறகு ஒரு சாயங்காலம் மணிச்சத்தம் வரவில்லை. விளக்கு வைத்தாயிற்று, கோழி அடைந்தாயிற்று. அடுப்பில் சோளச்சோறு பொங்கி வழிந்ததை யாரும் பார்க்கவில்லை. ஊர் முழுக்க வாசலில் நின்றது.  கடைசியில் மாமன் மட்டும் வந்தார். காது கிழிந்து ரத்தம் தோளில் வழிந்திருந்தது. கேலி பேசாத மாமனை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"பத்துப் பேரு வந்தாக. மொத்தத்தையும் ஓட்டிட்டுப் போயிட்டாக. பவுண்டுல அடைக்கிறாகளாம்" என்றார்.

பவுண்டு என்றால் பிடிபட்ட மாட்டை அடைக்கிற சர்க்கார் தொழுவம், ரோட்டோரத்தில் மண்சுவர் வைத்து இருந்தது. மறுநாள் விடிந்ததும் ஊரே அங்கே போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. நிழலுக்கு ஒரு செடி இல்லை. தண்ணீர்த்தொட்டியில் கலங்கல்தான் கிடந்தது. அங்கிருந்த குமாஸ்தா சட்டத்தைச் சொன்னார். மாட்டுக்காரன் வந்து இது என் மாடு என்று சொல்லி, கைநாட்டு வைத்து, அபராதத்தைக் கட்டிவிட்டு ஓட்டிப்போகலாம். கெடு முடிவதற்குள் உடையவன் வராவிட்டால் அநாதை மாடு. ஏலம்.

அபராதம் ஒரு பொருட்டில்லை. வீட்டுக்கு வீடு எடுத்துக் கட்டியிருப்போம். "என் மாடு" என்ற அந்த ரெண்டு வார்த்தைக்குத்தான் ஊரில் ஆள் இல்லை.

"சாமி மாடுங்க" என்றார் பெரியப்பா.

"அப்பச் சாமியக் கூட்டிட்டு வாரும், கைநாட்டு வைக்கட்டும்" என்றார் குமாஸ்தா. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

கார்டு பெரியப்பாவைத் தனியே அழைத்துப் போனார். நான் ஆத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றதால் கேட்டது. "ஐயா, உங்க காலுல விழுறேன். யாராச்சும் ஒருத்தர் என் மாடுன்னு சும்மா வாயில சொல்லுங்க. துரை அன்னைக்கே கணக்குப் பண்ணிட்டாரு. உடையவன் இல்லாத மாடுன்னா எடுத்துக்கிறலாம்னு. பட்டாளத்துக்குக் கறி அனுப்புறவன் வந்து உக்காந்திருக்கான்."

பெரியப்பா கையை விரித்தார். "அத்தன வீட்டு நேர்த்தியும் இதுல இருக்கு தம்பி. நான் ஒரு வார்த்த சொன்னா எத்தன புள்ளைக சாகும்? அந்தப் பாவத்த எவன் சுமப்பான்?" என்றார். அவர் பேரனும் ஒரு கன்றை நேர்ந்துவிட்டதால் பிழைத்தவன்தான்.

மாமன் சுவரை இடித்துவிடலாம் என்றார். பெரியவர்கள் தடுத்தார்கள். மனுப்போடலாம், உத்தமபாளையம் போகலாம், மேலே பெரிய துரை இருக்கிறார் என்றார்கள். போனார்கள், வந்தார்கள். பெண்டுகள் நாங்கள் புல்லறுத்துச் சுவருக்கு மேலே வீசினோம். உள்ளே இழுத்துத் தின்கிற சத்தம் கேட்கும். மண்சுவரில் நான் நோண்டிய ஓர் ஓட்டை வழியே செவலை தெரிந்தது. மாலை காய்ந்து நாராய் இன்னும் கழுத்தில் கிடந்தது. அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட எனக்குப் பயம். நாக்கில் சாம்பல் கரித்தது.

அந்த நாட்களில் நான் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். செவலை செத்தால் நானும் சாவேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆத்தா என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. நான் இருமினால் ஓடி வருவாள். தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள்.

ஏல நாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கறிக்காரன் குடைக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். குமாஸ்தா எழுந்து, உடையவர் யாராவது உண்டா, கடைசித் தடவை கேட்கிறேன் என்றார். ஊர் தலையைக் குனிந்து நின்றது.

என் கையை உதறிவிட்டு ஆத்தா முன்னால் போனாள். முக்காடு நழுவியதை இழுத்துவிடவில்லை.

"எம் மாடு" என்றாள்.

குமாஸ்தா நிமிர்ந்தார். "எதும்மா?"

"அம்புட்டும். அந்தக் காளை, இந்தச் செவல, இங்கன நிக்கிறது அம்புட்டும் எம் மாடு. கைநாட்டு வாங்கிக்கங்க."

ஊர் வாயில் கை வைத்துக்கொண்டது. ஒரு கிழவி ஐயோ என்று மண்ணை வாரித் தலையில் போட்டுக்கொண்டாள். ஆத்தாவின் குரல் நடுங்கவில்லை. தன் நேர்த்தியைத் தானே முறிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். மாட்டை விட்டாலும் பிள்ளை போகும், என் மாடு என்றாலும் பிள்ளை போகும். இரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். உயிரோடு இருக்கிற மாட்டின் பக்கம் நின்றாள். பாவம் வந்தால் தன்மேல் வரட்டும் என்று நினைத்திருப்பாள்.

குமாஸ்தா கறிக்காரனைப் பார்த்தார், ஆத்தாவின் கிழிந்த சேலையைப் பார்த்தார். "தாலியறுத்த பொம்பள, ஒனக்கு இம்புட்டு மாடா?" என்று சிரித்தார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பினார். "பெரியதனம், நீங்க சொன்னாச் சரி. இது இந்தம்மா மாடா?"

ஆத்தா பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை நேரில் பேசாதவள். "சொல்லுங்க" என்றாள். "ஆமான்னு மட்டும் சொல்லுங்க. பாவம் எனக்கு வரட்டும்."

பெரியப்பா நெற்றியில் வேர்வை ஓடியது. உதடு அசைந்தது. 

"இல்லை" என்றார். "சாமி மாடு."

அவ்வளவுதான். ஏலம் முடிய வெற்றிலை துப்புகிற நேரம்கூட ஆகவில்லை. மாடுகளை ரோட்டில் இறக்கி வடக்கே ஓட்டினார்கள். காளை மட்டும் நகரவில்லை. வாலை முறுக்கினார்கள், மூக்கணாங்கயிறே ஏறாத மூக்கைக் குத்திக் கயிறு கோத்தார்கள். மணியை அறுத்து எறிந்தார்கள். அது உருண்டு ஓடைப் பக்கம் போனது, தேடியும் கிடைக்கவில்லை. செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. கண்ணுக்கு எட்டும்வரை நெற்றி வெள்ளை தெரிந்தது.

ஊருக்கு வந்து நான் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். சாவதற்கு. ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் போனது, இன்னொரு நாள் போனது. மூன்றாம் நாள் எனக்குப் பசித்தது. "ஆத்தா, கஞ்சி குடு" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கஞ்சியை ஊற்றிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பட்டப்பகல். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, வயல் வரப்பு வழியே நேரே அடிவாரத்துக்குப் போய், முதல் சுண்ணாம்புக் கல்லின் அடியைத் தோண்ட ஆரம்பித்தாள். முதலில் மாமன் ஓடினார். அவருக்குப் பின்னால் களைக்காரிகள் மண்வெட்டியோடு போனார்கள். பிறகு ஆண்கள். சாயங்காலத்துக்குள் ஒரு கல்கூட நிற்கவில்லை. எங்கள் ஊர் வெள்ளைக்காரனை எதிர்த்தது அன்றைக்குத்தான். கொடி இல்லை, கோஷம் இல்லை. எந்தத் தலைவரும் வந்து சொல்லவில்லை. கடப்பாரை கல்லில் மோதுகிற சத்தம் மட்டும்தான்.

பெரியப்பாவும் வந்தார். எல்லோருக்கும் கடைசியாக வந்து, ஒரு கல்லைத் தனியாகப் புரட்டிப் பார்த்தார், முடியவில்லை. யாரும் உதவிக்குப் போகவில்லை. ஆத்தாதான் போய் மறுமுனையைப் பிடித்தாள். 

பிறகு போலீஸ் வந்தது. வீடு வீடாகப் பானையை உடைத்தார்கள், தானியத்தில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் எங்களுக்குத்தான் கிடைக்கவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. "கல்லப் புடுங்கச் சொன்னது யாரு?" என்று கேட்டபோது, "நாந்தேன். எம் மாடு, எங் கல்லு, எம் மலை" என்று மாமன் முன்னால் போய் நின்றார். அடிபட்டுக்கொண்டே சொன்னார். விலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள். ரோட்டில் ஏறும் முன் என்னைப் பார்த்து, "ஏ புள்ள, சாணி அள்ளப் பழகி வையி" என்றார். ஜெயிலில் வயிற்றுப்போக்கு கண்டு செத்தார் என்று சேதிதான் வந்தது. உடம்பு வரவில்லை.

இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரியப்பாவைக் கோழை என்றார்கள், நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். அவர் துரைக்குப் பயப்படவில்லை. பொய் சொல்லப் பயந்தார். பொய் சொல்லாத மனுசன் வாயாலேயே மாட்டை வாங்கிக்கொள்ள வழி கண்டுபிடித்தானே, அந்தப் பாசிக்கண்ணுக்காரன், அதைத்தான் எங்கள் ஊர் பொறுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் இதை எந்த இடத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

சுதந்திரம் வந்த அன்றைக்கு ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடிந்திருந்தது. வெள்ளைக்காரன் போகிறான் என்று சொன்னதும் ஆத்தா மிட்டாயை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப மாட்ட விட்டுருவாகளா?"

 மிட்டாய் வேர்வையில் கரைந்து அவள் விரலிடுக்கில் வழிந்தது.

பிடுங்கிய கல்லில் ஒன்று என் வீட்டுக் கொல்லையில் கிடக்கிறது. அதில்தான் எழுபது வருஷமாகத் துணி துவைக்கிறோம். சுண்ணாம்பு எப்போதோ போய்விட்டது. வாஷிங் மிஷின் வந்த பிறகும் அதை அப்புறப்படுத்த நான் விடவில்லை. செவலை போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. நான் இருக்கிறேன். என் ஏழும், அதுகளின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆத்தா சொன்னது சாமிக்குக் கேட்டிருக்கும். கேட்டும் அது கோபித்துக்கொள்ளவில்லை.

எழுதினது போதும் தாயி. எங்கே, முதலிலிருந்து வாசி, கேட்கிறேன். ஆத்தா "எம் மாடு" என்று சொல்கிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. அவள் தாழ்த்தவில்லை. குமாஸ்தா பெரியப்பாவைக் கேட்கிற இடம் வந்ததும் மட்டும் கொஞ்சம் நிறுத்து. உடனே வாசித்துவிடாதே. இந்தத் தடவை அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.